பாதிச் சுவரின் பச்சை

மார்ச் 3, செவ்வாய்

பிரசவ ஆஸ்பத்திரி மதிலுக்கு முதல் பாதி பெயின்ட் நம் கடையிலிருந்து போய்விட்டது. பச்சைதான், ஆனால் வெறும் பச்சை என்றால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும். பலமுறை திருப்பியனுப்பி, கடைசியில் தலையாட்டிய நிறம். மீதி நாளைக்கு.

கடை அடைக்கும்போது வழக்கம்போல மெயினை ஒரே இழு. விளக்கு, விசிறி, சாயம் கலக்கும் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் கப்சிப். “கம்ப்யூட்டர முறையா அணைச்சுட்டு வாங்களேன்” என்றாள் மனைவி. அது தூங்குவதற்குள் எனக்குப் பசி உயிர் போய்விடும்.

மார்ச் 4

கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டுகிறது. முதுகில் தட்டினேன். ம்ஹூம். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்பதெல்லாம் அதற்குள்தான். என் தலையில் ஒன்றுகூட இல்லை.

பெயின்டர் மேஸ்திரி மீதி டப்பாக்களுக்கு வந்தார். “மெஷினக் கழுவுறாங்க, நாளைக்கு வாங்க” என்றேன். அவர் எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தார். அதுவும் பெயின்ட் கடைதான். இவர் அங்கே போனால் ஊர்ச் சுவரில் பாதி அங்கே போன மாதிரி.

மார்ச் 5

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் வந்தாள்.

“நடுவுல கரன்ட்டப் பிடுங்குனீங்களா அண்ணே?”

“சேச்சே.”

“தினமும்” — மனைவி, உள்ளேயிருந்து.

எழுதிக்கொண்டிருந்த கையைத் தட்டிவிட்ட மாதிரியாம். சரக்கு குடோனில்தான் இருக்கிறது, எந்த அலமாரி என்பதுதான் குழம்பிவிட்டது என்றாள். இது எனக்குப் புரிந்தது. முதலில் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தாள். வெட்டிவேலை என்று நினைத்தேன். பிறகு சோதனையை ஓடவிட்டாள். ஒவ்வொரு கோளாறிலும் நின்று ‘சரிசெய்யவா?’ என்று கேட்கிறது. இவள் படித்து, யோசித்து, பதில் தட்டுகிறாள். மேஸ்திரி எந்நேரமும் வரலாம்!

அவள் போன் பேச வெளியே போனாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ தட்டினேன். வியாபாரத்தில் யோசித்துக்கொண்டே நின்றவன் எவன் பிழைத்தான்?

வந்து பார்த்தாள். “மொத்தத்தையும் சுத்தமா அழிச்சுட்டீங்க.”

போச்சு. எதுக்குடா கைய வச்ச?

“நீங்க அழிச்சது நகல. அசல் என் பையில இருக்கு. கடை முதலாளிங்க எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க.”

மார்ச் 6

மறுபடி நகல், மறுபடி சோதனை. கம்ப்யூட்டர் பக்கம் நான் போகக் கூடாதென்று உத்தரவு. மனைவி காவல்.

மாலையில் அளவுகள் திரும்பின. ஆனால் ஃபைல்களுக்குப் பெயர் போய்விட்டது, வெறும் எண். எது எந்தச் சுவர்?

மார்ச் 7

பச்சை மட்டுமே ஒரு கும்பல். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கலக்கி, அட்டையில் பூசிக் காயவைத்து, ஆஸ்பத்திரி மதிலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பின்னால் குரல் — மேஸ்திரி.

“மெஷின் கழுவுறதுக்குச் சுவர்கிட்ட என்ன வேலை முதலாளி?”

உண்மையைச் சொன்னேன். வேறு வழி? அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன், நேரமானது. பிறகு அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார். “நிழல்ல பாத்தா எல்லாம் ஒண்ணுதான். இப்படி வாங்க” என்று வெயில் பக்கம் கூட்டிப்போனார். ஒவ்வொரு அட்டையும் சுவரில் தனியாகத் துருத்தியது. இன்னொன்றை வைத்தார். அட்டை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மார்ச் 8

மதில் முடிந்தது. டாக்டரம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11

மற்ற அட்டைகளை மேஸ்திரி வேலைக்குப் போகிற இடமெல்லாம் கொண்டுபோய், பழைய சுவர்களோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடித்து வருகிறார். போன கையோடு மறுபூச்சுக்கும் பேசிவிடுகிறார். இன்று ஒரு பச்சைக்கு மட்டும் பெயர் சொல்லாமல் இழுத்தார்.

“இது... எதிர்க்கடைக்காரர் வீட்டுப் படுக்கையறை. நான்தான் இங்க வாங்கிட்டுப் போய் அடிச்சேன். வெளிய சொல்லிடாதீங்க.”

“நீங்க அன்னிக்கு அங்க போயிடுவீங்கன்னு நெனச்சேன்.”

“அவரே இங்கதான வாங்குறாரு. நான் அங்க போய் என்ன பண்றது?”

அந்த ஃபைலுக்கு ‘விவரம் தெரிந்தவர்’ என்று பெயர் வைத்தேன்.