துரைக்கண்ணுக்கு உடம்பு சரியில்லை

நேற்று கூரியரில் ஒரு புத்தகம் வந்தது. என் மகன்தான் போனில் பார்த்து வரவழைத்திருக்கிறான். "அப்பா, நீங்க எப்பவும் சொல்லுவீங்களே, அந்த போஸ்ட்மேன் கதை, மறுபடி போட்டிருக்காங்க" என்று மடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். உறையைக் கிழித்ததும் புது மையின் வாசனை குப்பென்று வந்தது. உன் அறையில் இதே வாசனையோடு நீலகிரித் தைலமும் கலந்திருக்கும். இதில் தைலம் இல்லை. மற்றபடி நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

அட்டையில் நம் துரைக்கண்ணு. கயிற்றுக் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். ஆணியில் காலித் தபால் பை தொங்குகிறது. வாசலில் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. நீ கடைசியாகப் போட்ட படம். வழுவழுப்பான தாள், தங்க எழுத்து, விலையைக் கேட்டால் உனக்கு இருமல் வந்துவிடும். முதல் பக்கத்தில் பதிப்பாளர் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். தாள் கொடுத்தவருக்கு, அச்சடித்தவருக்கு, பழைய இதழ்களைப் பரணில் காப்பாற்றி வைத்த அன்பர்களுக்கு. கடைசி வரியில், "பெயர் தெரியாத ஓவியருக்கும்."

பெயர் தெரியாதாம். கேட்டுக்கொண்டாயா? ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் உன்னை ஒரு வரிக்கு மேல் நகரவிடவில்லை இந்த உலகம்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூர் என்பது ஒரு பஸ் நிலையமும் நாலு தெருவும்தான். இப்போது தொழிற்சாலைகள் நிற்கிற இடமெல்லாம் கேழ்வரகுக் கொல்லை. பஸ் நிலையத்தில் நான் பத்திரிகைக் கடை வைத்திருந்தேன். நீ பெங்களூர் முதலாளி ஒருவரின் வாரப் பத்திரிகைக்குப் படக்கதை போட்டுக்கொண்டிருந்தாய். சைக்கிளில் போய்த் தபால் கொடுத்துக்கொண்டே திருடனைப் பிடிக்கிற துரைக்கண்ணு. தமிழில் வந்தது அப்படியே கன்னடத்திலும் தெலுங்கிலும் புத்தகமாக வரும். அதனால் ஆட்கள் பேசுகிற பலூன்களை நீ காலியாக விட்டுவிடுவாய். முதலாளியின் ஆட்கள் அந்தந்த பாஷையில் எழுதி ஒட்டிக்கொள்வார்கள்.

பெங்களூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து, வரைந்த அட்டைகளைப் பலகையில் பரப்புவாய். தளியிலிருந்து பூக்கூடையோடு வரும் தெலுங்குக்கார அம்மா, கன்னடம் பேசும் கோசு வியாபாரி, தமிழ் பேசும் லாரி டிரைவர், யார் அகப்பட்டாலும் சரி, மூன்று பேர் வேண்டும். "இதுல என்ன நடக்குது, சொல்லுங்க" என்பாய். அவ்வளவுதான் கேள்வி. மூவரும் ஒரே கதையைச் சொன்னால் பஸ் ஏறுவாய். ஒருவர் மாற்றிச் சொன்னாலும் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாய். ஒருமுறை பூக்கார அம்மா, துரைக்கண்ணு திருடனைத் துரத்தவில்லை, திருடனுக்குப் பயந்து ஓடுகிறான் என்று சொல்லிவிட்டாள். ஒரு முழுப் பக்கம் போயிற்று.

"ஏம்ப்பா, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, அது சொன்னதுக்கா கிழிக்கிறே?" என்று கேட்டேன்.

"தெரியாதுன்னுதாம்ப்பா அதுகிட்டக் காட்டறேன். எழுத்து தெரிஞ்சவன் புரியாட்டியும் தலையாட்டுவான். உன்னாட்டம்."

என்னாட்டமாம்! அப்போது சிரித்தேன்.

அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் அரிசி கடத்துகிறாயா என்று உன் பையைக் குடைந்த கன்னடப் போலீஸ்காரர் கதை நினைவிருக்கிறதா? அட்டைகளைப் புரட்டிக்கொண்டே போனவர், கடைசி அட்டை முடிந்ததும் "ஆமேலே?" என்றாராம், அப்புறம் என்ன ஆச்சு என்று. இன்னும் வரையவில்லை என்றாய். வாயால் சொல் என்று பஸ்ஸை நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டுத்தான் விட்டார். அரிசி மூட்டையோடு பின் சீட்டில் இருந்தவன் உனக்குக் கும்பிடு போட்டானாம்.

பெயரைப் போடு, பெயரைப் போடு என்று எத்தனை முறை தலைபாடாக அடித்துக்கொண்டேன். "தமிழ்ல போட்டா கன்னடத்துக்குச் சொரண்டணும், தெலுங்குக்குச் சொரண்டணும், பொம்மை கெட்டுப்போயிரும்ப்பா" என்றாய். முதலாளிக்கு உன்னைப் போல வசதியான ஆள் வேறு எவன் கிடைத்திருப்பான்? பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ படித்துப் பார்த்ததே இல்லை. அதிலும் படம் போட்டிருந்தால் பார்த்திருப்பாய்.

பிறகு இருமல் வந்தது. இருமலில் ரத்தம் வந்தது. கிருஷ்ணகிரி டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசிக்கு இனி அடங்காது, பெங்களூரில் ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழியுண்டு என்றார். உன் மனைவி லூர்து மேரியின் காதும் கழுத்தும் அதற்குள் காலியாகியிருந்தன. மூன்று பாஷையில் விற்ற புத்தகங்களில் உனக்கென்று ஒரு பங்கு கொடுத்தால் போதும். பிச்சையில்லை, பங்கு. அதைக் கேட்கத்தான் நானும் லூர்து மேரியும் பெங்களூர் போனோம்.

முதலாளி நல்லவராகத்தான் பேசினார். காப்பி வரவழைத்தார். உன் கையெழுத்துத் தாள்களை ஒரு கட்டாக எடுத்து மேஜையில் வைத்தார். "பாருங்க சாமி, பக்கத்துக்குப் பக்கம் கொடுத்தாச்சு. கோழிய வித்துட்டு, அப்பறம் முட்டைக்கு வந்து நின்னா எப்படீங்க?"

லூர்து மேரி காப்பியைத் தொடவில்லை. "கோழி சாகக் கெடக்குதுங்கோ" என்றாள்.

"காப்பி ஆறுதும்மா" என்றார் அவர்.

இந்த வயதிலும் எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் குறையவில்லை. குறைய வேண்டிய அவசியமும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முதலாளி நமக்குப் பயப்பட மாட்டார், வாசகனுக்குப் பயப்படுவார். எல்லோரையும் அவருக்குக் கடிதம் எழுத வைப்போம். ஒரு நோட்டீஸ் அடிப்போம். கிருஷ்ணகிரி அச்சகத்தில் தமிழ் எழுத்துதான் இருந்தது, கன்னடமும் தெலுங்கும் இல்லை. அதனால் என்ன, உன் வழியே இருக்கிறதே! பார்த்தாலே புரிகிற மாதிரி ஒரு படம் போடு என்றேன். "என்னையே வரையறேன்" என்றாய். நான்தான் தடுத்தேன்.

"உன் மூஞ்சிய எவனுக்குத் தெரியும்? துரைக்கண்ணுன்னா மூணு பாஷைக்காரனுக்கும் தெரியும். அவனைப் படுக்க வை."

நீ அட்டையையும் பென்சிலையும் கேட்டு வாங்கினாய். பிறகு மார்பின் மேல் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அட்டையை வைத்து, படுத்தபடியே இரண்டு நாள் வரைந்தாய். நடுநடுவே கையை லூர்து மேரி பிடித்துவிட்டாள். கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னாய்: "மூணு பேர்கிட்டக் காட்டிட்டு அச்சுக்குக் கொடுப்பா."

"அதுக்கெல்லாம் நேரமில்லை, அச்சகத்துக்காரன் காத்துக்கிட்டிருக்கான்" என்று வாங்கிக்கொண்டு ஓடினேன். படத்துக்குக் கீழே நானே இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். "துரைக்கண்ணுக்கு உடம்பு சரியில்லை. கைவிடாதீர்கள், உடனே எழுதுங்கள்." அதன் கீழே முதலாளியின் விலாசம்.

எப்படிப் பரவியது என்கிறாய்! கண்டக்டர்கள் டிக்கெட்டோடு கொடுத்தார்கள். ராயக்கோட்டை தக்காளி வண்டிகளில் ஏறிப் போயிற்று. குருபரப்பள்ளி டீக்கடைகளில் லாரிக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் லூர்து மேரி நின்று கொடுத்தாள். முதலாளியின் ஆபீசுக்குக் கடிதம் சாக்குச் சாக்காக வருகிறது என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் சொல்லியனுப்பினார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி நடந்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. சாமியார் லூர்து மேரியைக் கூப்பிட்டு, "ஒரு அம்மா துரைக்கண்ணுக்காகப் பூசை வைக்கச் சொல்லுது, அந்த ஆள் எந்தப் பங்குக் கோயில்?" என்று கேட்டாராம். குருபரப்பள்ளி டீக்கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். உள்ளே தூதுவளைப் பொடி, துரைக்கண்ணுக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டு. நான் அதை உன் தலைமாட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் சொன்னாய்:

"அவன் பிழைச்சுக்குவான் போலிருக்குதேப்பா."

அடுத்த வார இதழ் வந்ததும்தான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. முதல் பக்கத்திலேயே முதலாளியின் அறிவிப்பு. வாசகர்களின் அன்பு வெள்ளத்துக்கு நன்றி, துரைக்கண்ணுவைக் கைவிட மாட்டோம், புதிய ஓவியரின் கைவண்ணத்தில் அவன் மீண்டும் சைக்கிள் ஏறுகிறான். அதோடு கடிதம் நின்றுபோயிற்று. நிற்காமல் என்ன செய்யும்? கேட்டதுதான் கிடைத்துவிட்டதே. நம் பெங்களூர் பஸ் கண்டக்டர் கடைக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நல்லாயிட்டானாமே!" நோட்டீஸ் உனக்காக என்று அவனுக்கு விளக்கினேன். "ஓ, பொம்மை போடறவருக்கா? அவரு யாருண்ணா?" என்றான். அவன் மேல் என்ன தப்பு.

புது ஆள் வரைந்ததை உன்னிடம் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நீயே கேட்டு வாங்கிப் பார்த்தாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாய். "சைக்கிள் செயினை எடது பக்கம் போட்டுட்டான்" என்றாய். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த மாதம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இனிச் சொல்லப்போவதை லூர்து மேரியிடமும் நான் சொன்னதில்லை. அவள் கண்ணை மூடும்வரை அவளைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று. உன்னைப் புதைத்த மூன்றாம் நாள் பெங்களூர் பஸ்ஸிலிருந்து கட்டு இறங்கியது. துரைக்கண்ணு சிறப்பிதழ், அவன் படுத்து எழுந்த கதை. அட்டையில் நம் நோட்டீஸ் படம், கட்டிலில் படுத்த துரைக்கண்ணு, கீழே சிவப்பில் "பிழைப்பானா?" என்று. அனுமதியும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. கட்டைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் எடுத்து ஓரமாக வைத்தேன். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "அண்ணா, வந்துடுச்சா?" என்று ஒருவன் கேட்டான். நான் கயிற்றை அறுத்தேன். மத்தியானத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. வாங்க வந்தவர்களிடம் பல்லைக் காட்டிச் சில்லறை கொடுத்தேன். முதலாளியைத் திட்டும்போதெல்லாம் பாதியில் நாக்கு மடங்கிக்கொள்வது இதனால்தான்.

நேற்று இந்தப் புதுப் பதிப்பாளருக்குப் போன் போடச் சொல்லி, உன் பெயரைச் சொன்னேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "ஏதாவது ஆதாரம் இருந்தா அனுப்புங்க ஐயா, அடுத்த பதிப்புல பார்க்கலாம்" என்றார். என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? உன் கையெழுத்து இருப்பதெல்லாம் முதலாளியின் ஸ்டாம்புத் தாளில்தான்.

இன்று காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அந்தக் கடையில் இப்போது என் மகன் செல்போன் உறை விற்கிறான். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கன்னடக்கார ஆட்டோ டிரைவர் ஒருவர் உறை வாங்க வந்தார். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதுல என்ன நடக்குது, சொல்லுங்க" என்றேன். "போஸ்ட்மேனுக்குக் காய்ச்சல்" என்றார். தளியிலிருந்து பூ கொண்டுவரும் பெண் ஒருத்தி இப்போதும் வருகிறாள். அவளும் பார்த்துவிட்டு, "பாவம், தபாலு அண்ணனுக்கு ஜொரமுங்கோ" என்றாள். சரி, தப்பு என்னுடையதில்லை, எவனாக இருந்தாலும் இப்படித்தான் பார்த்திருப்பான் என்று மனம் கொஞ்சம் ஆறத் தொடங்கியது.

மூன்றாவதாக ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. கம்பெனியில் செக்கிங் வேலையாம், நாளெல்லாம் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. கம்பெனி பஸ் வரும்வரை நிழலுக்கு ஒதுங்கியிருந்தாள். படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் கட்டில் காலைத் தடவினாள்.

"தாத்தா, இந்தக் கோடு பூரா நடுங்குது பாருங்க. சைக்கிள் ரிம்முகூட ஆடியிருக்கு. படத்துல இருக்கவனுக்கு ஒண்ணுமில்ல. வரைஞ்சவுகளுக்குல்லா மேலுக்குச் சொகமில்ல."

பஸ் வந்து அவள் ஏறிப் போய்விட்டாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பேரிடம் காட்டச் சொன்னாய். அரை மணி நேர வேலை.