கடைசிச் சொல்லுக்கான இடம்

என் வரிகளை முடித்துவைத்தவனுக்கு,

நேற்று மெம்ஃபிஸில் உன் தங்கை டெனீஷாவைப் பார்த்தேன். என் அட்லாண்டா ராப் நிகழ்ச்சியின் வீடியோவை நீ பார்த்தாயாம்.

"அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான். 'மூணாவது வரியிலயே இவனுக்கு மூச்சு முட்டுது பாரு. பன்னெண்டு கார் வச்சிருக்கான், மூச்ச மட்டும் எந்தக் கடையிலயும் விக்க மாட்டேங்கறாங்க போல'ன்னான்" என்றாள்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு நீ என்னைத் திட்டியிருக்கிறாய். எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

நீ சொன்னது உண்மைதான். அப்போதெல்லாம் மேடையில் என் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் நீதான் கத்துவாய். அந்த நொடியில் நான் மூச்செடுத்துக்கொள்வேன். இசை நிறுவனத்தோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று உன்னைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அதைப் பற்றி நேரில்தான் பேச முடியும்.

உன் இடத்தில் வேறொருவனை நிறுத்தச் சொல்கிறார்கள். மறுத்துவிட்டேன்.

சனிக்கிழமை நம் ஊரில் பாடுகிறேன். நம் முதல் பாட்டில் உன் சொற்கள் வரும் இடங்களில் வாயை மூடிக்கொள்ளப்போகிறேன். ஊரே சிரித்தாலும் சரி. கூட்டத்தில் எந்த மூலையிலிருந்து நீ கத்தினாலும் எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் தெருக்காரன்