கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி குறைந்ததா? வாப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தைச் செய்தியில் காட்டியதும் நீங்கள் அழுததாகத் தங்கை சொன்னாள். பெரிதாக ஒன்றுமில்லை, உம்மா. யாரோ ஒருவன் நம் மார்க்கத்தைத் திட்டிக்கொண்டே கேட்டை ஏறிக் குதித்துவிட்டான். உடனே வகுப்புகளைப் பூட்டச் சொன்னார்கள். பையன்களும் பெண்பிள்ளைகளுமாக என் ஒன்றாம் வகுப்பை மேசைகளுக்கு அடியில் உட்காரவைத்து விளக்கை அணைத்தேன். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது விதி.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"டீச்சர், நான்தான். பாத்ரூம் போயிட்டு வந்துட்டேன்."

எங்கள் வகுப்பு வாயாடி. அவளுக்குப் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தமும் கேட்டது. இந்தப் பக்கம் அத்தனை பிள்ளைகள், அந்தப் பக்கம் ஒருத்தி. திறந்து, அவளை உள்ளே இழுத்துப் பூட்டினேன். ஓடிவந்தவர் எங்கள் காவலாளி என்பது பிறகுதான் தெரிந்தது. கேட் ஏறிக் குதித்தவனைப் போலீஸ் மைதானத்திலேயே பிடித்துவிட்டது.

"விதிப்படி நீங்க திறந்தது தப்பு," என்றார் தலைமையாசிரியை.

"திறக்கலன்னா அவ அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றேன்.

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

தலைவலித் தைலம் இரண்டு அனுப்புங்கள். போன் பண்ணினால் நலம் விசாரித்துவிட்டு உடனே வைத்துவிடாதீர்கள். தலை வாராததற்காவது கொஞ்ச நேரம் திட்டுங்கள். இங்கே எல்லோரும் மரியாதையாகவே பேசுகிறார்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மூத்தவள்