அம்மன் பாட்டு என்று நீ எழுதிக்கொடுத்த பாட்டு

இன்று காலை ஆபீஸ் வாசலில் புல்லுக்கு மருந்து அடித்தார்கள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவதற்குள் அந்த வாடை உள்ளே வந்துவிட்டது. கூடவே நீயும் வந்தாய். மற்றவர்களுக்கெல்லாம் செத்தவர்கள் மல்லிகைப்பூவிலும் ஊதுபத்தியிலும் வருவார்களாம். நீ எனக்குக் களைக்கொல்லியில் வருகிறாய். உனக்கு அதுதான் பொருத்தம்.

நீ போய் இரண்டு மாதமாகிறது. செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது நீ என்னைப் பேச விடவில்லை, செத்த பிறகு ஊர் விடவில்லை என்றால் நான் எப்போதுதான் பேசுவது? அதனால் எழுதுகிறேன். லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி நான், என் மேசையிலேயே உட்கார்ந்துகொண்டு, இன்வாய்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதற்கு நல்ல தாள் வாங்க எனக்கு மனசில்லை.

நேற்று ஹாபிஸ் ஒரு படம் அனுப்பினான். நம் பேண்டில் பேஸ் வாசித்த அதே ஹாபிஸ்தான். இப்போது உம்பாயில் அவன் அப்பாவின் மீன் கடையை நடத்துகிறான். மாதக் கடைசியில் உன் நினைவாக ஒரு ஷோ வைக்கிறார்கள், அதற்கு டீ-ஷர்ட் அடித்திருக்கிறார்கள். கறுப்புச் சட்டை. நடுவில் ஒரு பெண்ணின் கை. இரண்டு விரலில் நகம் இல்லை. கீழே உன் பெயர், அதற்கும் கீழே பாட்டின் பெயர் இங்கிலீஷில். என் பெயரை எங்கேயும் காணோம். பாட்டை எழுதியவள் நான். கை என் அம்மாவுடையது. அந்தக் கையையும் தப்பாக வரைந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

உன்னை முதலில் பார்த்தபோது நீ மலாக்கா டவுனில் உன் மாமாவின் சீடி கடையில் நின்றுகொண்டிருந்தாய். முன்னால் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் தொங்கும். கவுண்டருக்குக் கீழே உன் சொந்தச் சரக்கு, எல்லாம் உறுமிப் பாடுகிற மெட்டல் பாட்டு. நியாலாஸிலிருந்து பஸ் ஏறி வந்த எஸ்டேட் பெண் மெட்டல் கேட்டதும் நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு பெயரே வாசிக்க முடியாத ஒரு சீடியை எடுத்துக் கொடுத்தாய்.

"என்ன பாசை இது?" என்று கேட்டேன்.

"ஃபின்லாந்து. எனக்கும் ஒண்ணும் வெளங்காது லா. நீ கேளு."

கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் பாடுகிறவனுக்கு வீட்டில் என்னமோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அடுத்த வாரம் ஜப்பான், அதற்கடுத்து பிரேசில், பிறகு பக்கத்திலேயே இருக்கும் இந்தோனேசியா. ஒவ்வொரு முறையும் நீ ஒரே வசனத்தைச் சொல்வாய். "இங்கிலீஷ்ல பாடுறவனுக்கு உலகமே இருக்கு. சொந்த பாசையில கத்துறவனுக்கு யாரு இருக்கா? நாமதான்." நான் அதைச் சாமி வாக்கு மாதிரி நம்பினேன். இருபது வயசில் அப்படித்தான் ஏமாறுவோம்.

பேண்டு ஆரம்பித்தோம். நீ கிட்டார், ஹாபிஸ் பேஸ், ஜாசின் முனியாண்டி டிரம்ஸ், நான் குரல். ஹாபிஸ் வீட்டு மீன் ஸ்டோரில் பழகினோம். பெண் பிள்ளைக்கு அப்படி உறுமத் தொண்டை ஏது என்று முனியாண்டி முதல் நாளே சிரித்தான். பத்து நிமிஷம் கழித்துச் சிரிப்பை நிறுத்தினான். எஸ்டேட்டில் ஒரு மர நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கூப்பிட்டுப் பேசி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. குரலுக்கு என்ன பஞ்சம்?

அந்தப் பாட்டை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. எஸ்டேட்டில் களைக்கு மருந்தடிக்கப் பதினெட்டு வருடம் முதுகில் தோம்பு, அதாவது மருந்து டின்னைச் சுமந்த அம்மா வீட்டில் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைகளை வரிசையாக வைத்தேன், அவ்வளவுதான். "சோத்துல மருந்து வாடை, சும்மா தின்னேன். ரெண்டு நகம் போச்சு, மறுநா பெரட்டுக்குப் போனேன்." இதைப் படித்துக் காட்டினேன். நீ உடனே, தங்கா பத்து சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசிக்கிற கிட்டாரை எடுத்தாய். மெட்டு ஒரே மூச்சில் வந்தது. ஹாபிஸ் தமிழ் வார்த்தைகளை ரூமியில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில், எழுதி மனப்பாடம் செய்தான். பின்னால் நின்று கூடவே கத்துவான். "பெரட்டு" என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான்.

பிறகு அந்த விண்ணப்ப பாரம்.

ஜாசினில் ஓர் இளைஞர் கலைவிழாவில் பாட இடம் கிடைத்தது. பெர்மிட் வேண்டும், பாடல் வரிகளை மலாயில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். உனக்கு மலாய் நன்றாக வரும், பாரத்தை நானே நிரப்புகிறேன் என்றாய். நான் உன்னை நம்பிப் படிக்காமல் விட்டேன், அது என் முட்டாள்தனம். கறுப்புச் சட்டை போட்ட பேண்டு என்றாலே அப்போது சந்தேகம், அதில் தோட்டத்து மருந்தைப் பற்றிய பாட்டு வேறு என்று நீயே பயந்துகொண்டாய். யாரும் உன்னைப் பயமுறுத்தவில்லை. பாட்டு எதைப் பற்றியது என்ற இடத்தில் நீ எழுதியது: மாரியம்மன் துதிப் பாடல்.

அறிவிப்பாளர் பாவம், தாளில் இருந்ததை வாசித்தார். "அடுத்ததாக, அம்மன் துதிப் பாடல்." முன்வரிசையில் கோயில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள். கை கூப்பினார்கள். ஓர் அக்கா கண்ணையே மூடிவிட்டாள். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ கிட்டார் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முனியாண்டி குச்சியைத் தட்டி எண்ணிவிட்டான், இனி நிறுத்த முடியாது. கண்ணை மூடிக் கை கூப்பியிருந்த அந்த அக்காவின் முகத்துக்கு நேரே நான் உறும ஆரம்பித்தேன்.

முதல் சரணம் தாண்டி இரண்டாவதின் பாதியில் யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். "சாமிய கேலி பண்றீங்களா? யாரு எழுதுனது இத? எவன் எழுதுனான்?" என்று கமிட்டித் தலைவர் மேடைக்கே ஏறிவிட்டார். அவர் கேட்டது பாட்டை எழுதியவரை அல்ல, பாரத்தில் அம்மன் என்று எழுதியவரை. உனக்கு அது நன்றாகத் தெரியும். நீ கிட்டாரின் தலையால் என்னைக் காட்டினாய்.

நாலாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டுக்குப் பொருத்தமான சேலை கட்டி, மகள் பாட்டைக் கேட்க வந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அவளைப் பற்றி ஒரு பாட்டு உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். பாதியில் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலில் எல்லார் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அம்மாவும் பக்கத்தில் நின்றாள். நீ வரவில்லை. பிறகு கேட்டதற்கு, "நான் கிறிஸ்தவன் லா, நான் எப்படி அங்க வந்து விழுவேன்?" என்றாய். பொய் எழுதும்போது அந்த நினைப்பு வரவில்லையா? துதிப் பாடல் என்றே எழுத வேண்டுமென்றால் உன் சாமிமேல் போட்டிருக்கலாமே? அதையும் கேட்டேன். "ஃபாதர் காதுக்குப் போனா அவ்ளோதான்" என்றாய். உன் ஃபாதருக்கு நீ பயந்தாய், எங்கள் அம்மனுக்குப் பயப்படவில்லை. அம்மன் உன்னைச் சும்மா விட்டதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து மீன் ஸ்டோரில், பாட்டை இங்கிலீஷில் மாற்றிவிடலாம் என்று தொடங்கினாய்.

"எதுக்கு?"

"எந்த பாசையில உறுமுனாலும் எவனுக்கும் வார்த்த வெளங்காது. வெளங்காத பாட்டுக்குத் தமிழ் என்னா, இங்கிலீஷ் என்னா? வெளிநாட்டுக்காச்சும் போவும்ல."

ஹாபிஸ்தான் முதலில் பேஸைக் கீழே வைத்தான். "பஹாசா செண்டிரி புன் மாலு கா?" என்று கேட்டான். சொந்த பாஷைக்கே வெட்கப்படுகிறாயா என்று ஒரு மலாய்க்காரன் உன்னைக் கேட்டான், தமிழன் நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். ஃபின்லாந்துக்காரன் அவன் பாஷையில் கத்தினால் கலை, நியாலாஸ்காரி அவள் பாஷையில் கத்தினால் தொல்லை. எனக்குப் பாடம் நடத்திய அதே வாயால் இதைச் சொன்னாய். நான் அன்றைக்கு வெளியே வந்தவள்தான், உன்னோடு மறுபடி வாசிக்கவில்லை.

நீயே பாடினாய். நீயே பதிவு செய்தாய். ஐரோப்பாவில் எவனோ ஒருவன் தொகுப்பில் போட்டான். இங்கே பையன்கள் அதைக் கேட்டு உன்னை அண்ணன் என்று கும்பிட்டார்கள். என் அம்மா சோற்றில் வந்த வாடையை நீ "பாய்சன்" என்று கத்தினாய். அவள் வீட்டில் யாரும் பாய்சன் என்று சொன்னதில்லை. மருந்து என்றுதான் சொல்வோம். கொல்கிற சாமானையும் மருந்து என்று கூப்பிட்டு முதுகில் ஏற்றினார்கள் என்பதுதான் பாட்டு. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை விற்றாய்.

நீ கிட்னி போய்ப் படுத்திருந்தபோது ஒரு தடவை பார்க்க வந்தேன். உன் மனைவி கூப்பிட்டதால் வந்தேன், உனக்காக வரவில்லை. மத்தியான விசிட்டிங் நேரம். கை வீங்கி, கிட்டார் பிடித்த கைதானா என்று தெரியாமல் இருந்தது. நீ சுற்றி வளைக்காமல் கேட்டாய்.

"அன்னைக்கு உங்கம்மா வந்திருந்தாங்கல்ல. என்னா சொன்னாங்க? நான் கேக்கவே இல்ல."

"ஒண்ணும் சொல்லல."

"வெளங்கியிருக்காது, பாவம்" என்றாய்.

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீ அந்தத் தப்பான நினைப்போடேயே போய்ச் சேர வேண்டும் என்று வேண்டுமென்றேதான் சொல்லாமல் வந்தேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய். என் சின்னப்புத்தியை மறைக்கவில்லை, நீயும் உன்னுடையதை மறைக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கோயிலில் விழுந்து எழுந்த மறுநாள் காலை அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நல்லாத்தான் கத்துன. ஆனா ரெண்டு நகம் இல்ல, மூணு. சுண்டு வெரலு நகம் நீ பொறக்குறதுக்கு முன்னாடியே போயிருச்சு. அது மொளைக்காமலே தோல் மூடிக்கிச்சு, நீ கவனிச்சிருக்க மாட்ட. மாத்திப் பாடு." அவள் துணியைப் பிழிந்துவிட்டு மேலும் சொன்னாள். "வேல வாங்குன மண்டோருகிட்ட ஒரு நாளாச்சும் நான் அந்தக் கொரல்ல பேசியிருந்தா, கைக்கு ஒறையாச்சும் குடுத்திருப்பான்."

ஒரு வார்த்தை விடாமல் விளங்கியிருக்கிறது. திருத்தமே சொன்னாள். நீ உலகத்துக்குக் கொடுத்தது திருத்தாத பாட்டு. டீ-ஷர்ட்டில் இருக்கும் கை என் அம்மாவின் கையே இல்லை. மூன்று நகம் என்று மாற்றி அவளுக்கு ஒரு தடவை பாடிக் காட்ட எனக்கு பேண்டு இல்லை, மேடை இல்லை, இருபது வருடமாக மனசும் இல்லை. இப்போது அவளுக்குக் காது அறவே கேட்காது. நான் எவ்வளவு உறுமினாலும் அவளுக்கு என் வாய் அசைவதுதான் தெரியும். இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும், ஆனால் தப்பித்துப் போய்விட்டாய்.

உன் ஷோவில் பாடக் கேட்டு ஹாபிஸ் போன மாதம் வந்தான். தமிழில் என்றால் வருகிறேன் என்றேன். "மெமாங் தமிழ் லா, கண்டிப்பா, வேற என்ன?" என்றான். இந்தத் தடவை பாரத்தை நானே நிரப்பினேன். பாட்டு எதைப் பற்றியது என்ற இடத்தில், தோட்டத்தில் மருந்து அடித்த ஒரு பெண்ணைப் பற்றி என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் படித்துப் பார்த்தாள். தன் பாட்டியும் அரசாங்கம் கொடுத்த ஃபெல்டா நிலத்தில் அதே வேலைதான் செய்தாள் என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தாள். இரண்டு நிமிஷ வேலை. வாசலில் வந்து உன்னை வாய்விட்டுத் திட்டினேன், நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் மெட்டு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வார்த்தை என்னுடையது, வாழ்ந்தது அம்மா, உன்னிடம் எனக்கு ஒரு கடனும் இருக்கக்கூடாது. ஹாபிஸ் மூன்று புது மெட்டுப் போட்டு அனுப்பினான். மூன்றிலும் பாடிப் பார்த்தேன். நகம் என்ற இடம் வந்ததும் தொண்டை தானாக நிற்கிறது. அங்கே நீ கம்பியை உள்ளங்கையால் அமுக்கி இரண்டு அடி அடிப்பாய், அது விழுந்தால்தான் அடுத்த வார்த்தை வெளியே வருகிறது. என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்தவனிடமிருந்து இந்த இரண்டு அடியை மட்டும் என்னால் பிடுங்கிப் போட முடியவில்லை.

அதனால் மெட்டு உன்னுடையதேதான். மேடையில், அன்றைக்குப் பாரம் நிரப்பியது யார் என்று சொல்வேன், நகம் மூன்று என்று சொல்வேன், அதன் பிறகு மெட்டு இவனுடையது என்றும் சொல்லியாக வேண்டும். சொல்லிப் பழகும்போது முதல் இரண்டையும் நான் நன்றாகவே சொல்கிறேன். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடைகிறது. ஷோவுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, உடையாமல் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.