மதிலுக்கு அந்தப் பக்கம்

திண்டுக்கல்
9-8-1957

அப்பாவுக்குச் சவரியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் பேரன் இறந்து பன்னிரண்டு நாளாகிறது. தொண்டை அடைத்த காய்ச்சல், மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி ஜெகபர் அலி தன் வண்டியைக் கொடுத்தார். அதில்தான் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்தோம். அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம் கேட்டேன். நீங்கள் சாவியும் கையுமாகக் கல்லறை வாசலில் நின்று, "சேரி வாசல் அங்கிட்டு இருக்கு, சுத்திப் போங்க" என்றீர்கள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுற்றித்தான் போனோம்.

அன்றோடு அவர் கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டார். நான் போகிறேன். சர்வேசுரன்மேல் எனக்கும் கோபம்தான், ஆனால் கோபித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

அந்த ஊர் மண்ணை இனி மிதிக்கமாட்டேன் என்கிறார். அவரை விட்டு நான் மட்டும் வரமாட்டேன். கல்லறைத் திருநாளன்று பிள்ளைக்கு நீங்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சவரியம்மாள்

சூசைக்குளம்
20-8-1957

சேசு மரி சூசை துணை.

மகள் சவரியம்மாளுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே மழை இல்லை, சோளம் காய்கிறது. உன் அம்மா வளர்த்த எருமை கன்று போட்டிருக்கிறது. முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். இளைத்திருந்தாய்.

கல்லறையின் நடுவே மதிலைக் கட்டியவன் நானில்லை, அது என் பாட்டன் காலத்தது. சாவி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. சொந்தப் பேரன் என்று விட்டால் நம் சாதிக்காரர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? உன் புருஷனைக் கட்டிக்கொண்டபோதே இதெல்லாம் உனக்குத் தெரியாததா? மெழுகுவர்த்தி விஷயம் பார்க்கலாம். ஆள் வந்தால் நெய் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா

சூசைக்குளம்
4-11-1957

சேசுவே, இரக்கமாயிரும்.

மகளே, முந்தாநாள் கல்லறைத் திருநாள். உன் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு மதிலோரம் போனேன். அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. மதில்மேலேயே ஒன்று வைத்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். புதுச் சிலுவை ஒன்று, அதில் தார் எழுத்து: இருதயநாதன், வயது இரண்டு.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அத்தனை கோபத்திலும் நீ அதை விடவில்லை, எனக்குச் சொல்லவுமில்லை. என் பெயரையே நான் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறேன். நடுங்கிப்போனேனம்மா. 

சேரி வாசல் வழியாகப் போய் அவன் சிலுவைமுன் முழங்கால் போட்டேன். ஊரே பார்த்தது. நேற்றுப் பாவசங்கீர்த்தனம் செய்து, சாவியைச் சாமியாரிடம் ஒப்படைத்துவிட்டேன். சாயங்காலமே நம் ஆட்கள் கூடி என்னைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது, யாரும் பேசக்கூடாது. உன் சித்தப்பன் என் வாசலில் துப்பிவிட்டுப் போகிறான். என்னை மன்னித்துவிடு. உன் புருஷனிடமும் சொல்.

அப்பா

திண்டுக்கல்
1-12-1957

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. உங்கள் பெயரைப் பார்த்து நடுங்கினீர்கள். அவனுக்கு அவன் அப்பாவைப் பெற்ற தாத்தா பெயரை வைத்திருந்தால்? மெழுகுவர்த்தியை மதில்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பீர்கள். அங்கே கிடக்கிற மற்றப் பிள்ளைகள் யாருக்கும் உங்கள் பெயர் இல்லை.

இரண்டு கடிதத்திலும் உன் புருஷன், உன் புருஷன் என்றே எழுதியிருக்கிறீர்கள். ஞானஸ்நானத்தில் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவரிடம் மன்னிப்பை நான் வாங்கித்தர முடியாது, நீங்களே கேளுங்கள். உங்களுக்காக வேண்டிக்கொள்வதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

சவரியம்மாள்

சூசைக்குளம்
10-3-1958

அன்புள்ள மருமகன் கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

இருதயநாதன் எழுதிக்கொள்வது. இந்த முதல் வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

சவரியம்மாள் சொன்னது சரி. படித்ததும் சுருக்கென்றது. ஊரிடம் மன்னிப்புக் கேட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். இந்த வயதில் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தால் அப்படியெல்லாம் தோன்றும். போகவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போகும்போது மற்றச் சிலுவைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். என் காலத்தில் சுற்றிப் போனவர்கள் நாற்பத்தொரு பேர்.

ஞாயிறுதோறும் கோயிலில் உங்கள் ஆட்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் உட்காருகிறேன். முதல் வாரம் உங்கள் தாயார் கருப்பம்மாள், "இங்கன உக்காராதீக சாமி, எங்களைத்தான் அடிப்பாக" என்று நகர்ந்துகொண்டார். எங்கள் ஆட்கள் அடித்தது என்னைத்தான். முன்பல் இரண்டு போயிற்று. மறுவாரமும் போனேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இருமினால் ரத்தம் வருகிறது, அதிக நாள் இருக்கமாட்டேன். என்னைச் சேரிப் பக்கம்தான் புதைக்கவேண்டும் என்று சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். அப்புறம்தான் உறைத்தது. உங்கள் இடத்தை உங்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்கு நான் கொடுக்காத இடத்தை எனக்கு நீங்கள் கொடுப்பீர்களா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், அது நியாயம்தான். சுற்றிப் போகச் சொன்னால் போகிறேன்.

இருதயநாதன்