எரிக்க விடவில்லை, அத்தை

என் ஆசை அத்தைக்கு,

அங்கே எந்த மொழியில் பேசுகிறீர்கள்? பிறந்த ஊரின் டச்சிலா, இல்லை புகுந்த வீட்டின் கீரப்பாளையம் தமிழிலா? எனக்கு உங்கள் டச்சு ஒரு சொல்லும் வராது. அதனால் தமிழிலேயே திட்டுகிறேன். ஒரு பெரிய சண்டையை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டீர்களே, இது நியாயமா?

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சிதம்பரம் சந்தையில் கீரைக்காரம்மா இன்னும் விசாரிக்கிறாள். "வெள்ளக்கார அம்மா இருந்தா முருங்கைக்கீரைய ரெண்டு கட்டா வாங்குவாங்களே" என்கிறாள். லண்டனில் படிக்கப்போன மாமா உங்களைக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்த கதை தெருவுக்கே தெரியும். அதற்கு முந்தைய கதையை நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னீர்கள், அதுவும் ஒரு போகியன்று.

விடிந்தும் விடியாமலும் தெருவெல்லாம் பழைய பாயும் துணியும் எரிந்துகொண்டிருந்தன. நீங்கள் ஜன்னல் கதவு அத்தனையையும் சாத்திவிட்டு, அடுப்படியில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு போகிக்கும் இப்படித்தான். அன்றைக்கு நான் விடவில்லை, "இன்னா அத்தை, பொகைக்கு இப்படி பயப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நாங்க யூதருங்கடி" என்றீர்கள். "ரெண்டாவது உலகச் சண்டை நடந்தப்ப எங்க அம்மா ஹன்னா, அப்பா ஐசக், தங்கச்சி லேயா, மூணு பேரையும் ரயில்ல ஏத்திட்டுப் போனாங்க. கொன்னு எரிச்சிட்டாங்கன்னு சண்டை முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சிது. என்னை மட்டும் ஒரு விவசாயி வீட்டுல ஒளிச்சி வெச்சாங்க. உருளைக்கெழங்கு கொட்டி வெக்கிற பள்ளம். ஏழு வயசு எனக்கு. தும்மல் வந்தா வாயில துணிய அடைச்சிக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்தா என்னை எரிக்கக் கூடாது. மண்ணுல வெக்கணும்" என்றீர்கள். இதை உங்கள் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "அவன் அழுவான். உனக்குத்தான் வாய் ஜாஸ்தி, நீ சண்ட போடுவ" என்றீர்கள். அடேயப்பா, மருமகளின் வாயை மெச்சின மாமியார் நீங்கள் ஒருத்திதான்.

போட்டேன் அத்தை, சண்டை போட்டேன். நீங்கள் போன மறுநாள் பொழுது விடிந்ததுமே சின்ன மாமா டிராக்டரோடு வந்து வாசலில் நின்றார். மாமாவின் ஒரே தம்பி, அண்ணி என்றால் அவருக்கு உயிர். டிராக்டர் நிறைய மாங்கட்டை. கொல்லையில் காய்த்துக்கொண்டிருந்த ஒட்டு மாமரத்தையே உங்களுக்காக வெட்டி எடுத்து வந்திருந்தார். "அண்ணிக்கு வரட்டி வேணாம். நம்ம மரத்துலயே வேகட்டும்" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பாசத்தில் செய்த காரியம்தான்.

ஆனாலும் நான் கேட்டை மறித்து நின்றேன். "மாமா, அத்தையை எரிக்கக் கூடாது. நம்ம கொல்லையில அடக்கம் பண்ணணும். அவுங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"இன்னாம்மா பேசுற? நம்ம வகையறாவுல பொதைக்கிற பழக்கமே கெடையாது. புள்ள கொள்ளி வெக்காம அவுங்க எப்படி கரையேறுவாங்க?"

உள்ளேயிருந்து ஒருத்தி, "வாழ வந்தவ வாய மூடிக்கிட்டு இருக்கணும்" என்றாள். உங்கள் மகன் ஈர வேட்டியோடு என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயை மூடு என்றதும் எனக்கு வந்ததே கோபம்!

"அவுங்களை ஏழு வயசுலயே வாய மூடுன்னு சொல்லிட்டாங்க. அது போதும்" என்று கத்தினேன். "அவுங்க அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரையும் கொன்னு எரிச்சிருக்காங்க மாமா. யூதராப் பொறந்தாங்க, அது ஒண்ணுதான் குத்தம். தப்பிச்சு வந்த பொண்ணு நம்மள நம்பி இவ்ளோ தூரம் வந்துச்சே. அதையும் கொண்டுபோயி நெருப்புல வெக்கணுமா?"

சின்ன மாமா டிராக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சண்டையில அநாதையானாங்கன்னுதானே அண்ணன் சொன்னாரு" என்றார். பிறகு எழுந்து ஆட்களைப் பார்த்து, "டேய், கட்டைய எறக்காதீங்க. கொல்லைக்குப் போயி மம்முட்டிய எடுங்க" என்றார். உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பொம்பளை அங்கே வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்பேனா? உங்கள் தலைமாட்டில் நின்று முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். உறவில் பாதிப்பேர் காரியத்துக்கு வரவில்லை. பந்தலில் பாதி காலியாகக் கிடந்தது. வராதவர்கள் வராமலே போகட்டும்.

இப்போது முக்கியமான சேதி. இந்த ஆடி அமாவாசைக்குக் கடலூரில் கடற்கரைக்குப் போயிருந்தோம். உங்கள் மகனும் சின்ன மாமாவும் எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு முடிந்து, உங்களுக்கு முடிந்து, அய்யர் தாய்வழித் தாத்தா பாட்டி பேர் கேட்டார். மாமா போனதிலிருந்து வருஷா வருஷம் அந்த இடத்தில் "தெரியாதுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

நான் பின்னாலிருந்து சொன்னேன்: "ஐசக். ஹன்னா. கல்யாணம் ஆவாத பொண்ணு ஒண்ணு, லேயா."

அய்யர் நிமிர்ந்து பார்த்தார். "கிறிஸ்டியனுங்களா?"

"இல்லைங்க, யூதருங்க."

"சரி, பேரு இருக்குதே, அது போதும். தாழ்ந்த குரல்ல சொல்லி தண்ணி விடுங்க" என்றார். உடனே சின்ன மாமா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"இல்ல சாமி. இவுங்க பேர சத்தமாத்தான் சொல்லணும். இத்தினி வருசமா யாருமே சொல்லல."

சொன்னார் அத்தை! ஐசக்கு, அன்னா, லேயா என்று அவர் வாய்க்கு வந்தபடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னார். உங்கள் மகன் கூடவே அழுதுகொண்டு சொன்னார். உங்கள் சாமிக்கு எள்ளும் தண்ணியும் ஒத்துவருமா? கோபித்துக்கொள்வீர்களா? எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேரைச் சொல்ல ஒரு ஆள்கூட மிஞ்சக் கூடாது என்று நினைத்தவர்கள் மட்டும் அன்றைக்கு அங்கே வந்து காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஆடிக்கும் சொல்வோம். சின்ன மாமாவுக்குப் பிறகு உங்கள் மகன் சொல்வார், அவருக்குப் பிறகு உங்கள் பேத்தி சொல்வாள். பொம்பளைப் பிள்ளை சொல்லக் கூடாது என்று எவனாவது வரட்டும், அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாக, இஷ்டத்துக்குச் சத்தம் போட்டுத் தும்முங்கள்.

உங்கள் வாயை நம்பாமல் நீங்கள் நம்பின வாய்க்குச் சொந்தக்காரி,
உங்கள் மருமகள்
வளர்மதி