நீர்க்கல்லில் வெட்டாது விட்ட கோடுகள்

மாரி காலத்தே பெய்க. கொடுவளையாறு தன் கரைக்குள் நடந்து கடல் சேர்க. வயிரநாட்டு வேந்தர் கதிர்க்கோமானின் செங்கோல் நீடு நிற்க.

ஏழு தலைமுறையாகக் கொடுவளையாற்றின் கரைகாவல் பூண்ட குடியில் மூத்தவனும், கரையரையன் என்னும் பட்டம் உடையவனுமாகிய பெருஞ்சாத்தன், தலைநகராம் பொன்னிறைமாநகரிலிருந்து, தான் இல்லாத நாளில் கீழ்க்கரை ஒன்பதூரையும் காத்துநிற்கும் தங்கை கோதைநங்கைக்கு விடுக்கும் ஓலை. நீயும் உன் மனையோரும் ஒன்பதூர்க் குடிகளும் நலமாக இருப்பீர்களாக.

நீ முதலில் அறிய விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டது கிடைத்தது. கரையைக் கல்லால் உயர்த்திக் கட்டும் செலவு முழுவதையும் அரச பண்டாரம் ஏற்றுக்கொண்டது. கல்தச்சர் நாற்பதின்மரும் கல்வண்டிகளும் ஆவணிக்குள் நம் துறைக்கு வந்து சேர்வர். ஐப்பசி மழைக்கு முன் வளைவிலுள்ள தாழ்ந்த கரை எழுந்துவிடும். இனி மழை இரைந்தால் நீ எழுந்து உட்கார வேண்டியதில்லை. நானும்தான். பத்து நாளுக்குப் பின் நேற்றுத்தான் வயிறாரச் சோறுண்டேன்.

கிடைத்த விதத்தை என் கைப்படவே எழுதுகிறேன். இவ்வோலை கொண்டுவரும் தோணிக்காரன் பொதியன் முந்திக்கொண்டு சொன்னால் தன் சரக்கையும் சேர்த்தே சொல்வான்.

பண்டாரநாயகர் அமுதங்கிழார் நம் விண்ணப்பத்தை வாங்குமுன்னரே நம் நீர்க்கல்லைப் பார்த்தெழுதிய படியோலையை அவையில் விரித்து வைத்திருந்தார். ஆற்றங்கரை நாடுகள் வெள்ளம் ஏறிய உயரத்தைத் துறையில் நட்ட நீர்க்கல்லில் கோடாக வெட்டிவைக்க வேண்டும் என்பதும், அக்கோட்டைப் பார்த்தே பண்டாரம் திறக்கும் என்பதும் நீ அறிந்தவை. நம் கல்லில் கரைமட்டத்துக்கு மேலே ஒரு கோடும் இல்லை. மேல்கரையார் கல்லில் ஐந்து கோடுகள் இருப்பதாகவும், ஏழு தலைமுறையாக நீர் தாண்டாத கரைக்குக் கல் எதற்கு என்றும், கொடுவளையாறு உங்கள் குடியிடம் உத்தரவு பெற்றுத்தான் ஏறுமோ என்றும் அவர் வினவினார். அவை சிரித்தது.

உண்மை நாம் இருவரும் அறிந்ததே. கரை தாண்டிய வெள்ளத்தைக் கல்லில் ஏற்றாமல், உடைப்பை அடைத்துவிட்டு வாய்மூடி இருப்பது நம் குடி வழக்கம். பாட்டனார் காவலில் இரண்டு, தந்தையார் காவலில் ஒன்று, என் காவலில் ஒன்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குயவர்சேரியை ஆறு கொண்டுபோன பின், நீ கல்தச்சனோடு நீர்க்கல்லின் அருகே நின்றாய். நான் அவன் கை உளியைப் பறித்தேன். கல்லில் கோடு ஏறினால் குடியின் பெயர் இறங்கும் என்றேன். செத்தவர்களைவிட உமக்குக் கல் பெரிதா, அண்ணா என்று நீ கேட்டாய். அதன்பின் ஓராண்டு என்னோடு பேசவில்லை.

குடிப்பெயர் பழுதுபடாமல் ஊர் திரும்பிவிடலாம் என்றெண்ணி வாயில்வரை நடந்தேன். அங்கே பொதியன் காத்திருந்தான். என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டவன், அப்படியானால் தன் இளைய மகளை மேட்டுநிலத்தில் கட்டிக்கொடுத்துவிடுவதாகவும், அங்கிருந்து பார்த்தால் ஐயாவின் கரை இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றும் சொன்னான். அடக்கமாகத்தான் சொன்னான். மூத்த மகளைக் குயவர்சேரி வெள்ளத்தில் இழந்தவன் அவன்.

திரும்பிச் சென்று வேந்தர் முன் நின்றேன். எங்கள் கல் பொய் சொல்கிறது, அதைச் சொல்லவைத்தவர் நாங்கள் என்றேன். கோடில்லாத வெள்ளத்தின் உயரத்தை எதைக்கொண்டு அளப்பது என்று அமுதங்கிழார் கேட்டார். மேலாடையைக் களைந்து அவைத் தூணோடு முதுகு சேர்த்து நின்றேன். அன்று நான் கரையின் உச்சியில் நின்றேன், நீர் இங்கே வந்தது என்று நெஞ்சின்மேல் கைவைத்தேன். அளவுகோல் கொண்டுவந்தார்கள். நிமிர்ந்து நில்லும் என்று அளப்பவன் எனக்குச் சொல்ல நேரவில்லை. மூன்று முழத்துக்கு இரண்டு விரல் குறைவு. தூணில் சுண்ணாம்பால் கோடிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பொய்க் கற்கள் தம் நாட்டில் பல இருக்கலாம் என்றும், காவலனே வந்து திருத்திய கல் இது ஒன்றே என்றும் வேந்தர் அருளி, பண்டாரத்தைத் திறக்கப் பணித்தார். மாலையில் அமுதங்கிழார் என் தங்குமனைக்கு வெற்றிலைத் தட்டு அனுப்பினார். பெற்றுக்கொண்டேன்.

கல்தச்சர் நீர்க்கல்லைப் பார்த்தே புதுக்கரையின் உயரத்தைக் குறிப்பர். ஆகவே இவ்வோலை கண்ட நாளிலேயே விடுபட்ட கோடுகள் நான்கையும் வெட்டுவிக்க. முன்னோர் காலத்து மூன்றின் உயரமும் கோயில் மதிலில் படிந்த கறையில் தெரியும். அவற்றின் அருகே அவரவர் பெயர் பொறிக்க. உச்சிக்கோடு என்னுடையது, அங்கே பட்டம் வேண்டா, பெயர் மட்டும் போதும். எழுத்து ஆழமாக இருக்கட்டும்.

இது கரையரையன் சொல். மடையும் மண்வெட்டியும் பொறித்த குடிமுத்திரை இட்டேன்.

அன்று பறித்த உளி இவ்வோலையோடு வருகிறது. அதை இப்பயணத்தில் ஏன் எடுத்துவந்தேன் என்று கேளாதே, தங்காய். முதல் வெட்டு உன் கையால் விழட்டும்.